இடது காலிலா இருக்கிறது டிரைவர் வேலை?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். ஹெவி லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. "தாத்தா, ரெண்டு எடத்துல கூப்பிடுறாங்க. ஒண்ணு கியர் வண்டி, இன்னொண்ணு ஆட்டோமேட்டிக். எதுல ஏறட்டும்?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்கும் முன்பே, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் பழைய லைன் கூட்டாளி முந்திக்கொண்டார். "கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டுறவனெல்லாம் டிரைவராடா?"

இந்தப் பேச்சைத்தான் நாம் நிறுத்த வேண்டும் நண்பர்களே.

நான் 31 வருடம் லாரி ஓட்டியவன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்குப் போவேன். அந்தக் கால லேலண்டில் ஒரு கியர் குறைக்க கிளட்சை இரண்டு தடவை மிதிக்கணும். பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. தைப்பூசச் சமயம் பழனி ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போனால், எத்தனை மிதி என்று எண்ணி மாளாது. இன்று என் இடது முட்டி மாடிப்படி ஏற விடுவதில்லை. இதையா வீரம் என்று சொல்லிக்கொள்வது?

தொழில் இடது காலில் இல்லை, தலையில் இருக்கிறது. சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு. வாழைத்தார் லோடோடு இறங்குகிறவன் பிரேக்கையே நம்பினால் டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காது. ஏறின கியரில்தான் இறங்கணும். ஆட்டோமேட்டிக்கிலும் அதே சட்டம்தான். மேனுவல் மோடுக்கு மாற்றி, சின்னக் கியரில் நிறுத்தி, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கணும். அது தெரியாதவன் எந்த வண்டியில் ஏறினாலும் ஆபத்துதான்.

அதற்காகக் கியரே பழக வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால், கியர் லாரி ஓட்டக்கூடாது என்று லைசென்ஸிலேயே குறித்துவிடுவார்கள். நம் ஊர் லாரி லைசென்ஸில் அப்படி ஒன்றும் இல்லை. கியரே தொடாத பையனிடம் நாளைக்கு ஒரு முதலாளி பழைய வண்டிச் சாவியை நீட்டலாம். நாமக்கல்லோ திண்டுக்கல்லோ, ஒரு லாரி வைத்துப் பிழைக்கிறவரிடம் இருப்பது பெரும்பாலும் கியர் வண்டிதான். அதனால் பையனிடம் சொன்னேன்: "ஒரு வருஷம் கியர் வண்டியில கை பழகு. அப்புறம் ஆட்டோமேட்டிக் கிடைச்சா யோசிக்காம மாறிக்கோ. எவன் கேலி பண்ணினாலும் காதுல வாங்காத."

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டோமேட்டிக் விலை அதிகம் என்கிறீர்கள், சரி. ஏசி கேபினுக்கும் இதைத்தான் சொன்னீர்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று அரசே சொன்ன பிறகுதான் அது வந்தது. டிரைவரின் முட்டியை யார் கணக்கில் எழுதுவது?

பையன் போன பிறகு கூட்டாளியும் கிளம்பினார். திண்ணையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அவருக்கும் இடது முட்டிதான்.