பாட்டிலில் வருமா பலம்?

"உடம்பிலே தெம்பில்லை, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க!" திண்டுக்கல் பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உழைக்கும் ஜனங்கள் டாக்டரிடம் போனதும் கேட்பது இதைத்தான். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் பெண் கேட்கிறாள். பேகம்பூர் தோல் ஷாப்புத் தொழிலாளி கேட்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர் கேட்கிறார். நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கப் போகும் கூலிப் பெண் கேட்கிறாள்.

மாதக் கணக்கில் அசதி, தலைச்சுற்றல், கை கால் உளைச்சல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டவுடன் பாட்டில் தொங்குகிறது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, கூலிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அடுத்த மாதம் அதே அசதி, அதே கட்டில், அதே பாட்டில்!

இரத்தத்தை வியர்வையாக்கிச் சம்பாதித்த காசைக் கொடுத்து நாம் வாங்குவது என்ன? கணக்குப் பார்ப்போம்.

பாட்டிலுக்குள் என்ன?

சலைன் என்பது உப்புத் தண்ணீர். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 4.5 கிராம் சமையல் உப்பு. மற்றதெல்லாம் சுத்திகரித்த தண்ணீர். குளுக்கோஸ் பாட்டில் என்றால், வழக்கமான 5 சதவீதக் கணக்குப்படி, அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. அது தரும் சக்தி 100 கலோரிக்கும் குறைவு. இரண்டு சிறுமலை வாழைப்பழம் தின்றால் கிடைக்கும் பலம் இதற்குக் குறைந்ததல்ல. பாட்டில் மஞ்சளாக இருந்தால் "சத்து மருந்து" என்று மலைத்துப் போகிறோம். அந்த மஞ்சள், கலந்துவிட்ட பி-வைட்டமினின் நிறம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏற்றியதும் தெம்பு வருகிறதே, அது பொய்யா? பொய்யல்ல. வெயிலிலும் மில் புழுக்கத்திலும் வியர்த்து வற்றிய உடம்புக்கு நீர் கிடைத்தால் சுகம் தெரியும். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வாரம் முழுக்க முதுகைச் சாய்க்காத மனுஷி, பகலில் ஒரு மணி நேரம் கட்டிலில் படுத்திருக்கிறாள்! யாரும் அதட்டாத அந்த ஒரு மணி நேர ஓய்வே பாதி மருந்து. சில இடங்களில் வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் பாட்டிலோடு சேர்த்துச் செலுத்திவிடுகிறார்கள். நோய் தீராமல் வலி மட்டும் மறைகிறது. ஏற்றிய உப்பு நீரோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி இரத்தக் குழாயை விட்டு வெளியேறிவிடும். பிறகு சிறுநீராகப் போய்விடும்.

உயிர் காத்த நீர்

சலைனை நாம் பழிக்கவில்லை. 1832-ல் காலரா பரவியபோது ஸ்காட்லாந்து டாக்டர் தாமஸ் லட்டா சாகக் கிடந்தவர்களின் நரம்பில் உப்பு நீரைச் செலுத்தி வழிகாட்டினார். அன்று தொட்டு அது காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. கடுமையான வாந்தி பேதி, ஆபத்தான கட்டத்திலுள்ள டெங்கு, அறுவை சிகிச்சை, பெருத்த இரத்தப் போக்கு — இங்கெல்லாம் பாட்டில் வேண்டும், தாமதம் கூடாது. எழுந்து நின்றாலே நாடி தாறுமாறாக ஓடி மயக்கம் வரும் நாட்பட்ட நோய் ஒன்றுண்டு. அதற்குக் கூட, முற்றிய நேரத்தில் சலைன் ஏற்றுவார்களே தவிர, அன்றாட வைத்தியம் நீரும் உப்பும் வாய் வழியே கொடுப்பதுதான்.

வாய் வழியே குடிக்கும் நீர் இளப்பமா? 1971-ல் வங்க எல்லையில் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் கையிருப்பு தீர்ந்தது. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது! காலராவுக்கே போதுமான இந்த எளிய வழி, வியர்த்துக் களைத்த தொழிலாளிக்குப் போதாதா?

மறைக்கப்படும் நோய்

மாதக் கணக்கில் நீடிக்கும் அசதிக்குக் காரணம் நீர்க் குறைவு மட்டுமல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல்! இரத்தம் குறைந்த உடம்பில் உப்பு நீரை ஏற்றுவது, நீர்த்த குழம்பில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது போல. இரும்புச்சத்து மருந்தைச் சலைனில் கலந்து கர்ப்பிணிகளுக்கு ஏற்றுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே வேலை செய்வது இரும்பு. தண்ணீர் அதைச் சுமந்து போகும் வண்டி.

சர்க்கரை வியாதியால் சோர்ந்தவருக்குப் பரிசோதனை இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் என்ன ஆகும்? நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய அந்த அளவையும் ஒரே பாட்டிலில் ஏற்றினால், இரத்தக் கொதிப்புக்காரர் கதி என்ன? இருதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு நீர் நுரையீரலில் கோத்து மூச்சுத் திணறும். அசுத்தமான ஊசியால் வரும் கேடு வேறு. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் போட்ட ஊசியையே மறுபடி போட்டதால் ஹெபடைடிஸ்-பி காமாலை பரவி, ஏராளமான பேர் மாண்டார்கள்.

யாருக்கு லாபம்?

குற்றவாளி, பாட்டில் கேட்கும் தொழிலாளியா? இல்லவே இல்லை! ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம், இரும்புச்சத்து மாத்திரை இலவசம். ஆனால் வெளிநோயாளிகளைப் பார்க்கும் பகல் நேரத்தில் அவள் இயந்திரத்தின் முன் நிற்கிறாள். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. இரவு எட்டு மணிக்குத் திறந்திருப்பது பாட்டில் தொங்கும் அறை மட்டுமே. அங்கே அரை மணியில் விசாரணை, சோதனை எதுவுமின்றி "பலம்" விற்கப்படுகிறது. படிக்காமலே டாக்டர் வேஷம் போடுவோரைத் தண்டிக்க 2019-ம் வருஷத்துத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டுச் சிறையும் ஐந்து லட்சம் அபராதமும் வரை இடமுண்டு. ஆனால் படித்துப் பட்டம் பெற்றவரே வேண்டாத பாட்டிலை மாட்டினால் கேட்பார் யார்?

இதில் ஆலை முதலாளிக்கும் லாபம். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட விசாரணை, தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலியோடு நிற்கும் பெண்களுக்குப் பெயர்ச்சீட்டில்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை அம்பலப்படுத்தியது. வலியை அடக்கு, வேலையை ஓட்டு! அந்த மாத்திரைக்கும் இந்தப் பாட்டிலுக்கும் தத்துவம் ஒன்றே. ஒரே ஒரு வித்தியாசம்: பாட்டிலுக்குக் காசு நம்முடையது.

நாம் கேட்க வேண்டியது

இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவியாக, தகுதியுள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. அது தர்மமல்ல, நம் சம்பளத்தில் பிடித்த காசுக்கு உரிமை. காண்டிராக்ட் தொழிலாளி உட்பட எல்லோர் பெயரும் அதில் ஏறவேண்டும். ஷிப்டு முடிந்து போகும் மாலை நேரத்தில் சுகாதார நிலையங்கள் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆலையிலும் தோல் ஷாப்பிலும் இரத்தம், சர்க்கரை, கொதிப்பு மூன்றையும் சம்பளம் பிடிக்காமல் சோதிக்க வேண்டும். குடிக்கத் தண்ணீரும், குடிப்பதற்கு நேரமும், சிறுநீர் கழிக்க அனுமதியும் வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இதற்கு முன்னின்று வழிகாட்டட்டும்.

தோழர்களே! அடுத்த முறை பாட்டிலை மாட்ட வந்தால், "எனக்கு என்ன நோய்? இரத்தம் எவ்வளவு? இது எதற்கு?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. சொல்வது அவர்கள் கடமை. பலம் பாட்டிலில் இல்லை. வயிறார உணவிலும், போதுமான கூலியிலும், படுத்துத் தூங்க நேரத்திலும் இருக்கிறது. அவற்றை எவரும் நரம்பு வழியே ஏற்றித் தரமாட்டார்கள். சங்கமாய்ச் சேர்ந்து நாம்தான் பெறவேண்டும்!