சம்பளத்தை ஏற்றுவது சான்றிதழா?

மூத்த புராஜெக்ட் மேனேஜரின் சம்பளம் திறமையை அளந்து போடப்படுவதாகப் பலரும் நம்புகிறார்கள். சென்னை ஓ.எம்.ஆரின் ஐ.டி. சேவை நிறுவனங்களில் அதைவிட உரக்கப் பேசுவது ஒப்பந்தம்தான். உழைத்த மணிக்கணக்குக்கு வாடிக்கையாளர் பணம் தரும் திட்டத்தில் வேலை இழுத்தாலும் பில் போய்க்கொண்டிருக்கும். மொத்தத் தொகை பேசி எடுத்த திட்டத்திலோ ஒரு மாதத் தாமதம்கூட நிறுவனத்தின் லாபத்தில் நேராகக் கைவைக்கும். அந்த நஷ்டத்தைத் தடுக்கத் தெரிந்தவருக்குப் பேரம் பேசும் பலம் கூடுகிறது. விதி தவறினால் அபராதம் விழும் வங்கி, மருந்துத் துறைகளை அறிந்தவருக்கும் அதனால்தான் மவுசு.

புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கூடுதலாக வாங்குகிறார்களே என்று கேட்கலாம். வாங்குகிறார்கள்தான். ஆனால் ஒரு பட்டதாரி அந்தத் தேர்வை எழுதவே, திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். அதாவது, தேர்வறைக்குள் நுழையும் முன்பே அவர் சந்தையில் விலை ஏறியவர். சான்றிதழைப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். எவ்வளவு பட்ஜெட்டைக் கையாண்டீர்கள், திட்டம் சறுக்கியபோது எப்படி மீட்டீர்கள் என்ற கேள்விகளுக்கு வரும் பதிலில்தான் சம்பளம் முடிவாகிறது. இவ்வளவுக்குப் பிறகும், அதில் ஒரு பங்கை ‘வேரியபிள்’ என்று ஒதுக்கி நிறுவனத்தின் லாபநஷ்டத்தோடு முடிச்சுப்போட்டு விடுகிறார்கள் என்பது வேறு கதை.