பரண் மேல் ஒரு பொக்கிஷம்

உங்கள் வீட்டுப் பரணைச் சற்று எட்டிப் பாருங்கள். கொலு பொம்மைப் பெட்டிக்கும் ஓட்டை விழுந்த வெந்நீர்த் தவலைக்கும் நடுவில், பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? "சனியன், இடத்தை அடைக்கிறது. பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாம்" என்று போன போகிக்குக்கூட நீங்கள் சொல்லியிருப்பீர்கள். போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்!

2003, 2004-ஆம் வருஷங்களில் டிஜிட்டல் காமிரா நம் வீடுகளுக்குள் புதிதாக நுழைந்தபோது என்ன செய்தோம்? படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தோம். "அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே!" என்று பிரிண்ட் போடவில்லை, ஆல்பத்தில் ஒட்டவும் இல்லை. அப்பாவின் சஷ்டியப்த பூர்த்தி, குழந்தையின் முதல் பிறந்த நாள், இன்று நம்மோடு இல்லாத பாட்டி கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்தது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டி ஓடாது, வாஸ்தவம். ஆனால், படங்கள் இருப்பது அதற்குள் உள்ள ஹார்ட் டிஸ்க்கில். வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் பீரோவிலுள்ள நகை காணாமற் போய்விடுமா, என்ன?

இந்த ஹார்ட் டிஸ்க்கின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதன் முதலில் இதைச் செய்தபோது, 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் ஒரு பெரிய பெட்டிக்குள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து ஞாபகம் வைத்துக்கொண்டது 50 லட்சம் எழுத்துக்களைத்தான். இன்று போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களிலேயே அது நிரம்பிவிடும்! நம் பரணில் இருப்பது அதன் கொள்ளுப் பேரன். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது.

இதை எடுத்து, ஓடுகிற வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்தினால் போதும். படங்கள் கண்ணுக்குத் தெரியும். திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். மிக்ஸி ஜாரைக் கழற்றி மாட்டுகிற நமக்கு இது பெரிய வித்தையல்ல.

முதலில் இரண்டு கம்ப்யூட்டர்களின் மின்சாரத்தையும் பிளக்கோடு பிடுங்கிவிடுங்கள். நைலக்ஸ், பாலியெஸ்டர் புடைவை அன்றைக்கு வேண்டாம். அதில் ஊறும் நிலைமின்சாரம் டிஸ்க்கின் அடியிலுள்ள சர்க்யூட்டைப் பழுதாக்கக்கூடும். பெட்டியின் பெயின்ட் அடிக்காத உலோகப் பாகத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

டிஸ்க்கில் இரண்டு கேபிள்கள் செருகியிருக்கும். ஒன்று, நாடா மாதிரி அகலமாக இருக்கும் ஐ.டி.ஈ. கேபிள். அதன் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்த ஓரம் மின்சாரம் வரும் பக்கமாக இருக்க வேண்டும். மற்றொன்று, மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு என்று நான்கு ஒயர்கள் உள்ள மின்சாரக் கேபிள். பலவந்தமாக இழுக்க வேண்டாம். இரு பக்கமும் மெல்ல அசைத்து எடுங்கள்.

இனிமேல்தான் சூட்சுமம். இரண்டு கேபிளுக்கும் நடுவில் சில ஊசிகளும், அவற்றின்மேல் மாட்டிய துளியூண்டு பிளாஸ்டிக் குப்பியும் தெரியும். அதற்கு ஜம்பர் என்று பெயர். ஒரே நாடாக் கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் இருக்கலாம். ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்'. எஜமான், அடிமை என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, ஒன்று மற்றொன்றை அதிகாரம் செய்வதில்லை. ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! யார் மூத்தவள் என்று முதலிலேயே தீர்மானமாகிவிட்டால் வம்பில்லை. "நான்தான் மூத்தவள்" என்று இருவருமே சொன்னால், கம்ப்யூட்டருக்கு ஒருவரையும் அடையாளம் தெரியாமல் போகலாம். அந்தக் கேபிளில் வேறொரு டிஸ்க் மாஸ்டராக இருந்தால், பழையதை ஸ்லேவ் ஆக்குங்கள்; தனியாக இருந்தால் மாஸ்டர். ஜம்பரை எங்கே மாட்டுவது என்ற படம் அநேகமாக டிஸ்க்கின் மேலுள்ள லேபிளிலேயே இருக்கும்.

புதுக் கம்ப்யூட்டரில் இந்த நாடாக் கேபிளுக்கு இடமே இராது. 2003-இல் வந்த சாட்டா என்னும் மெல்லிய கேபிள் அதைப் படிப்படியாக வெளியேற்றிவிட்டது. அதனாலென்ன? யு.எஸ்.பி.யில் செருகும் அடாப்டர் கிடைக்கிறது. ஐ.டி.ஈ. டிஸ்க்குக்கு ஆனதுதானா என்று கேட்டு வாங்குங்கள். தனி மின்சார இணைப்பும் சேர்ந்தே வர வேண்டும். இந்த டிஸ்க் சுழல 12 வோல்ட் தேவை, சாதாரண யு.எஸ்.பி. தருவதோ 5 வோல்ட்.

பெட்டிக்குள் பொருத்துகிறவர்கள், சுவிட்சைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி 'பயாஸ்' பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பழைய டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தெரியாவிட்டால் ஜம்பரையும் கேபிள்களையும் மறுபடி சரி பாருங்கள். புறப்படும் வரிசையில் ஓடுகிற கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கே முதலில் நிற்கட்டும். பழைய டிஸ்க்கிலும் ஒரு விண்டோஸ் இருக்குமாதலால், அது முந்திக்கொண்டு எழுந்து அவஸ்தைப்படும்.

இப்போது மிகமிக முக்கியமான விஷயம். சில சமயம் திரையில் ஒரு கேள்வி வரும்: "இந்த டிஸ்க்கைப் பார்மட் செய்யட்டுமா?" அல்லது "இனிஷியலைஸ் செய்யட்டுமா?" ஏதோ மரியாதையாகக் கேட்கிறதே என்று 'சரி' சொல்லிவிடாதீர்கள்! ஸ்லேட்டைத் துடைக்கட்டுமா என்பதுதான் அதன் அர்த்தம். புது டிஸ்க்குக்கு அது அவசியம். படங்கள் இருக்கும் டிஸ்க்குக்கு அது ஆபத்து. 'கான்ஸல்' என்பதை அழுத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

டிஸ்க் எழும்பியதும் 'டிக், டிக்' என்று விடாமல் சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது காயத்தைக் கிளறுவது போல. மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தரம் சுழலும் தட்டின்மேல், தூசியை விடச் சிறிய இடைவெளியில் ஊசிமுனை மிதக்கிறது. ஒரு தூசி போதும், தட்டைக் கீறிவிட. அம்மாதிரி டிஸ்க்கைத் தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே விவேகம்.

40 ஜி.பி. என்று எழுதிய டிஸ்க், திரையில் 37 என்று காட்டினால் பதற வேண்டாம், ஒன்றும் தொலைந்துவிடவில்லை. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது; அவ்வளவுதான்.

படங்கள் தெரிந்தவுடனே ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் மொத்தத்தையும் நகல் எடுங்கள். ஒன்றுக்கு இரண்டு இடமாக. பழைய டிஸ்க்கின் ஆயுசை யார் கண்டார்கள்? அதன் பிறகு, வீட்டிலுள்ள மூத்தவர்களைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, யார் யார் என்று கேட்டுப் பெயர்களை எழுதி வையுங்கள். டிஸ்க்கை இன்னும் பத்து வருஷம் கழித்துக்கூட யாராவது படித்துவிடலாம். பாட்டிக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெண் யார் என்று சொல்ல, அப்போது ஆள் இருக்க வேண்டுமே!