கைப்பிடியை மாற்றுமுன் காந்தத்தை வைத்துப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது மெர்கோங், அலோர் ஸ்டார் பக்கத்து வீடுகளில் சமையலறை கேபினட்டும் கண்ணில் படத் தொடங்கிவிடும். கைப்பிடி கறுத்திருக்கும், கதவு ஒரு பக்கம் தொங்கும். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்புகிறார்கள். பெரும்பாலும் அந்தச் செலவு தேவையே இல்லை.

பழையதைத் துலக்குவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய நாம், மஞ்சளாக இருக்கும் எதையும் அப்படியே தேய்த்துவிடுகிறோம். பொதுவாக விளக்கு முழுப் பித்தளை. கேபினட் கைப்பிடி பல நேரம் அப்படியில்லை.

கைப்பிடியைக் கழற்றி ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால், பின்புறம் யார் கண்ணிலும் படாத இடத்தில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். சுரண்டிய இடமும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளி நிறம் தெரிந்தால் அநேகமாகத் துத்தநாகக் கலவை வார்ப்பு. மேலே இருப்பது வெறும் முலாம்.

பித்தளைக்குப் புளி சரியான மருந்து. அதிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கும். ஆனால் சில நிமிடம் போதும். இரவெல்லாம் ஊறவைத்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்று, இளஞ்சிவப்புத் திட்டு விழும். முலாம் பூசியதில் புளியும் வினிகரும் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய பல்துலக்கி போதும். முலாமில்லாத இரும்பு துருப்பிடித்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். பிறகு நன்றாகக் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இதை விட்டால் துரு சீக்கிரமே திரும்பிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வினிகரோடு குளோரோக்ஸைச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும்.

தொங்கும் கதவுக்குக் கீல் கெட்டுப்போனதுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். உள்ளே மறைந்திருக்கும் கீலில், கதவை ஒட்டியுள்ள திருகாணி கதவை இடமும் வலமும் நகர்த்தும். அதைக் கால் சுற்று திருகிப் பாருங்கள். கீலைப் பலகையோடு பிணைக்கும் திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், சாத்தே குச்சியில் மரப்பசை தடவித் துளைக்குள் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிடுங்கள். மறுநாள் அதே இடத்தில் திருகினால் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றிரண்டு கைப்பிடி தொலைந்திருந்தால் துளைகளின் நடுவுக்கு நடு அளந்துகொண்டு போங்கள். புதியவை பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர். பழையவை 76 ஆகவும் இருக்கும். அளக்காமல் வாங்கினால் கதவில் புதுத் துளை போட வேண்டி வரும்.

தண்ணீரில் ஊறி உப்பிய மரத்தூள் பலகைக்கு மட்டும் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. அந்தக் கதவைத்தான் மாற்ற வேண்டும். சேமித்த காசை அதற்குச் செலவிடுங்கள்.