புரவலர் கேட்கும் விலை

வல்லரசு ஒன்றின் தயவில் நிற்கும் பிரிவினை அரசுகளைப் பற்றி மொழிபெயர்க்கையில், அவ்வல்லரசைப் ‘புரவலர் நாடு’ என்று எழுதுகிறோம். சங்ககாலப் புரவலர் பரிசில் நீட்டித்தால் புலவர் வேறொருவரை நாடிச் செல்லலாம். இன்றைய அங்கீகாரமற்ற அரசுகளுக்கு அந்த வழியும் இல்லை.

1992-93 போரில் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவை 2008 ஆகஸ்டில் ரஷ்யா அங்கீகரித்தது. பின்தொடர்ந்த நாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அப்காசியாவின் பாதுகாப்பும் அரசு வருவாயின் கணிசமான பங்கும் மாஸ்கோவின் கையில் உள்ளன. ஆயினும் ரஷ்ய முதலீட்டாளர்களுக்குச் சலுகை அளிக்கும் உடன்படிக்கை வந்தபோது, 2024 நவம்பர் 15 அன்று மக்கள் சுகுமி நாடாளுமன்ற வளாகத்தினுள் புகுந்தனர். நான்கே நாட்களில் ஜனாதிபதி அஸ்லான் பிஜானியா பதவி விலகினார். டிசம்பரில் நாடாளுமன்றம் உடன்படிக்கையை நிராகரித்தது. போராடியோர் ரஷ்ய நட்பை மறுக்கவில்லை. தம் நிலம் பெருமுதலாளிகளுக்குக் கைமாறுவதையே மறுத்தனர்.

மால்டோவாவிலிருந்து பிரிந்த டிரான்ஸ்னிஸ்ட்ரியாவை ரஷ்யா இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. படையை மட்டும் நிறுத்தியுள்ளது. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழியான எரிவாயுப் போக்குவரத்து முடிவுற்றது. மாற்றுப்பாதை இருந்தும், மால்டோவாவின் கடன்பாக்கியைக் காரணம் காட்டி காஸ்ப்ரோம் எரிவாயு அனுப்பவில்லை. நடுக்குளிரில் வீடுகள் வெப்பமின்றி உறைந்தன. உணவு உற்பத்தி தவிர்த்த ஆலைகள் மூடப்பட்டன.

நேட்டோவை எதிர்ப்பது எதுவோ அது நம் பக்கம் என்னும் சுருக்கக் கணக்கு தோழர்கள் சிலரிடம் உண்டு. அமெரிக்கத் தளமான பாண்ட்ஸ்டீல் அமைந்துள்ள கொசோவோவின் சார்புநிலையை அவர்கள் சரியாகவே காண்கின்றனர். அதே கண் சுகுமியைக் காணத் தவறுவதேன்? அப்காசியாவிலிருந்து விரட்டப்பட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்களும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

வல்லரசு ஒன்று தன் நலனுக்குப் பயன்படுத்தக்கூடும் என்பதாலேயே சுயநிர்ணய உரிமை செல்லாததாகிவிடாது என்று லெனின் 1916இல் வாதிட்டார். ஆனால் அவ்வுரிமை மக்களுக்குரியது, புரவலருக்குரியதன்று. எனவே, எந்தக் கொடி பறக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், நிலம் யாருடையது, எரிவாயுக் குழாயை மூடும் கை யாருடையது, ஊரைவிட்டு விரட்டப்பட்டவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். இக்கேள்விகளை மாஸ்கோவிடமும் வாஷிங்டனிடமும் ஒரே குரலில் கேட்பதுதான் சர்வதேசியம்.