யானையை எண்ணினால் போதுமா? வன்னிக்கு ஒரு விஞ்ஞானி தரும் பாடம்

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாகவே யாழ் குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, பின்னர் கப்பலேற்றப்பட்டன. இன்று ஆனையிறவுக்குத் தெற்கே, மீளக்குடியேறிய எமது மக்களின் வயல்களிலும் தென்னந்தோட்டங்களிலும் காட்டுயானை அன்றாடப் பிரச்சினையாகி நிற்கிறது.

இலங்கையில் 5,879 யானைகள் இருப்பதாக 2011 கணக்கெடுப்பு கூறியது. வட பிராந்தியத்துக்குக் கிடைத்த எண் 233. நீர்நிலைகளுக்கு வரும் யானைகளைப் பார்த்து எண்ணிய கணக்கு அது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

எண் மட்டும் போதுமா? சென்னையில் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் பணியாற்றிய சூழலியலாளர் ராமன் சுகுமார் வேறு கேள்விகளைக் கேட்டார். 1980களில் தென்னிந்தியக் காடுகளில் யானைகளின் வயது, பால், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்து, கூட்டம் பெருகுமா குறையுமா என்று கணித்தார். யானையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 மாதங்கள். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் செல்லும். எனவே பெண்யானைகளின் இறப்பு சற்றுக் கூடினாலே கூட்டம் தேயத் தொடங்கும். பயிரை அதிகம் அழிப்பவை கூட்டங்களை விட வளர்ந்த ஆண்யானைகளே என்பதையும் அவர் காட்டினார். வேலி எங்கே, காவல் எப்போது என்று தீர்மானிக்க இத்தகைய அறிவுதான் உதவும்.

2025 மார்ச் 15 இல் குரங்கு, மயில் போன்றவற்றை ஐந்தே நிமிடத்தில் நாடு முழுவதும் எண்ணினார்கள். அதில் ஒரு நாளின் எண் கிடைக்கும். பிறப்பும் இறப்பும் தெரியாது.

தவறான எண்ணின் விலை எமக்குப் புதிதல்ல. 2009 தொடக்கத்தில் வன்னியில் சுமார் 70,000 பேரே இருப்பதாக அரசு சொன்னது. இறுதியில் முகாம்களுக்கு வந்தவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். அந்த இடைவெளியில் பட்டினி கிடந்தவர்கள் எமது மக்கள்.

இடம்பெயர்வால் காடேறிய காணிகள் பல வனத்திணைக்களத்தின் எல்லைக்குள் போயுள்ளன. எது யானையின் வழித்தடம், எது விவசாயியின் நிலம் என்பதைக் கொழும்பின் வரைபடம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வவுனியாவிலும் பல்கலைக்கழகம் உண்டு. இரவில் காவலிருக்கும் விவசாயி, வந்த யானை தனியனா கூட்டமா என்பதை அறிவார். அந்த அறிவை ஆண்டுதோறும் பதிவாக்கினால், பேச்சுவார்த்தை மேசையில் எமக்கும் ஒரு கணக்கு இருக்கும்.