வெர்ச்சுவல் டீயாம்... டீ எங்கய்யா?

வீட்டுலேருந்து பொட்டி தட்டுற சாமிகளா, உங்க ஆபீஸ்லயும் இந்தக் கூத்து உண்டா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு 'வெர்ச்சுவல் டீ டைம்'னு காலண்டர்ல அழைப்பு வரும். கேமரா கட்டாயம். 25 பேர் கட்டம் கட்டமா உட்கார்ந்திருக்க, எச்.ஆர். அம்மணி "ஆளுக்கொரு பிடிச்ச கலர் சொல்லுங்க"ம்பாங்க. டேமேஜர் ஜோக் அடிப்பார். எல்லாரும் மியூட்ல சிரிப்போம்.

ஓ.எம்.ஆர். டீக்கடையில நடந்தது இதுவா? அங்க ரெண்டு மூணு பேர்தான். போரடிச்சா கிளாஸை வச்சுட்டு நடையைக் கட்டலாம். முக்கியமா, டேமேஜர் கிடையாது. யாருக்கு எவ்வளவு ஹைக், எந்த ப்ராஜக்ட் ஊத்திக்கப் போகுது, எவன் பேப்பர் போட்டான்... சகல ராஜரகசியமும் பஜ்ஜியோட சேர்ந்து வரும். பக்கத்து டீம்காரன் பழக்கமாறதும் அங்கதான்.

இது வெறும் புலம்பல் இல்லீங்க. மைக்ரோசாஃப்டோட அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேர் 2020-ன் முதல் 6 மாசத்துல யார் யாரோட பேசினாங்கன்னு அலசின ஆய்வு 2021-ல வந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அவங்கவங்க குழுவுக்குள்ள நெருக்கம் கூடியிருக்கு. வேற குழுக்களோட இருந்த தொடர்பு குறைஞ்சிருக்கு. அதாவது அறுந்தது பக்கத்து டீம் சகவாசம். இவங்க என்ன பண்றாங்க? தினம் காலையில மீட்டிங்ல பார்க்கிற அதே 25 மூஞ்சியை வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை காட்டுறாங்க. கால்ல அடிபட்டவனுக்குக் கையில கட்டு!

எங்க டீம்ல 2020-ல ஒரு பையன் சேர்ந்தான். லேப்டாப் கூரியர்ல வந்தது. பத்து மாசத்துல அதே கூரியர்ல திரும்பப் போச்சு. போறப்ப போன்ல சொன்னான்: "ரெண்டு நாள் ஒரே எரர்ல முட்டிக்கிட்டு இருப்பேண்ணே. இதையெல்லாம் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு கேட்க மாட்டேன்." அவனுக்குப் பிடிச்ச கலர் பச்சைன்னு மட்டும் எங்க 25 பேருக்கும் தெரியும்.

வீட்டுலேருந்து வேலை செய்யறதை நான் குறை சொல்லலை. கைக்குழந்தை வச்சிருக்கவங்களைக் கேளுங்க, அருமை தெரியும். ஆனா நிஜமாவே அக்கறை இருந்தா, வேற வேற டீம்லேருந்து ரெண்டு ரெண்டு பேரா கோர்த்து விடுங்க. ஸ்லாக்ல 'டோனட்'னு இதுக்குன்னே ஒரு செயலி இருக்கு. வேலை நேரத்துலயே அரை மணி கொடுங்க. என்ன பேசினீங்கன்னு ரிப்போர்ட் கேட்காதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை ரயில் டிக்கெட் போட்டு எல்லாரையும் ஒரே ஊர்ல இறக்கிட்டு, பவர்பாயிண்ட் காட்டாம ஒதுங்கிடுங்க.

செலவாகுமேங்கறாங்க. ஆகத்தான் செய்யும். இப்ப நடக்கிற டீக்கு பாலும் கேஸும் என் காசு :)